அனாங் பட்டறைக் கிட்டார்

கட்டிலின் மேல் எல்லாவற்றையும் பரப்பியாகிவிட்டது. கிட்டார் கழுத்து ஒன்று, தந்தியை முறுக்கும் திருகாணிகள், தந்தியின் அதிர்வை வாங்கும் பிக்கப் இரண்டு, தந்தியைத் தாங்கும் பிரிட்ஜ் ஒன்று, சத்தம் கூட்டிக் குறைக்கும் குமிழ்கள், சிவப்பும் பச்சையுமாக ஒயர், வளையமாகச் சுருட்டிய தந்திகள். ஓப்லிட்டே அட்டைப்பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து அடியில் இரண்டு தட்டுத் தட்டினான். நுரைத் துணுக்குகள்தான் உதிர்ந்தன.

"என்னத்தைத் தேடுற?" என்றாள் அவன் மனைவி கோர்க்கோய், வாசலில் மீன் கழுவியபடி.

"உடம்புப் பலகை வரலை. மத்ததெல்லாம் வந்திருக்கு."

"மத்ததெல்லாம் வந்தா போதாதா?"

"பலகை இல்லாம இதையெல்லாம் எதுல மாட்டுறது? என் தொப்பையிலயா?"

கோர்க்கோய் திரும்பிப் பார்த்தாள். "இடம் இருக்கு," என்றாள்.

விற்றவனுக்குச் செய்தி அனுப்பினான். சீனாவில் அப்போது என்ன பொழுதோ, உடனே பதில் வந்தது. மரப்பலகை கையிருப்பு தீர்ந்துவிட்டது, அடுத்த மாதம் தனியாக அனுப்புகிறோம், சிரமத்துக்கு மன்னிக்கவும். கூடவே ஒரு சிரிக்கிற முகம்.

அடுத்த மாதம் வந்து என்ன பயன்? வருகிற சனிக்கிழமை லொமோட்டே பெரியவரை அடக்கம் செய்கிறார்கள். 'நீல அலை' இசைக்குழுவை ஆரம்பித்தவர், கடைசிவரை அதில் பாடியவர். குழுவின் கிட்டார்க்காரனோ சுற்றுலாக் கப்பலில் வேலை கிடைத்துக் கிளம்பிப் போய்விட்டான். இப்போது குழுவை நடத்துகிற மகன் ஒகோய் ஊரறியச் சொல்லிவிட்டான்: அப்பாவை வழியனுப்பும்போது யார் சொந்தக் கிட்டாரோடு வந்து நன்றாக வாசிக்கிறானோ, குழுவில் கிட்டார்க்காரனின் நாற்காலி அவனுக்கு. இரவல் கிட்டாருக்கு இடமே இல்லை. கப்பலுக்குப் போனவன் வைத்திருந்தது இரவல் கிட்டார். ஒரு கல்யாணத்தில் பாட்டுக்கு நடுவில் சொந்தக்காரர் மேடையேறி, அவன் தோளிலிருந்து அதைக் கழற்றிக்கொண்டு போன கதை இன்னும் ஆறவில்லை.

ஓப்லிட்டே பகலில் ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்பவன். கல்யாணத்துக்கு முன்பிருந்தே நீல அலைக்காரர்களுக்குப் பின்னால், ஸ்பீக்கர் பக்கத்தில் நிற்கிறான். கிட்டார்க்காரன் தண்ணீர் குடிக்கப் போனால் இவன் வாசிப்பான். குடித்துவிட்டு வந்தால் கொடுத்துவிடுவான். இவன் வாசிப்பு நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள். சொல்லிவிட்டுக் கிட்டாரை வாங்கிக்கொள்வார்கள். அந்த நாற்காலியில் ஒரு பாட்டு முழுசாக உட்கார வேண்டும் என்று அவன் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. பக்கத்து ஊரான நுங்குவாவிலிருந்து வேறொருவன் வரப்போவதாகவும் கேள்வி.

முதலில் வீட்டில் கிடைத்ததைக் கொண்டு சமாளிக்கப் பார்த்தான். ஃபிரிட்ஜ் வந்த பெட்டியின் ஒட்டுப்பலகையை அறுத்துக் கழுத்தைப் பூட்டி ஒரு தந்தியை இழுத்தான். பலகை அவனுக்கு வணக்கம் சொல்வதுபோல வளைந்தது. அடுத்து, கோர்க்கோய் விற்பதற்காகக் கெங்கே என்னும் சோள உருண்டைக்கு மாவு பிசைகிற மரத்தொட்டியைத் திருப்பிப் போட்டு, அடியில் துளை போடத் துளைப்பானை வைத்தான்.

"அந்தத் தொட்டியிலதான் உனக்கும் உன் பொண்ணு டெடேக்கும் சோறு வருது," என்றாள் பின்னால் நின்றிருந்த கோர்க்கோய். "துளை போட்டுட்டு எதை மெல்லுவ? தந்தியையா?"

அதன்பிறகுதான் அவனுக்கு அனாங் நினைவு வந்தது.

அக்ராவை ஒட்டிய கடலோர ஊரான எங்கள் டெஷியில் மரத்தை எந்த வளைவுக்கும் கொண்டுவரத் தெரிந்தவர் அனாங் ஒருவர்தான். மீன் பிடித்தவர் கடைசிப் பயணத்தில் மீனுக்குள் போவதும், பஸ் ஓட்டியவர் பஸ்ஸுக்குள் போவதும், கோழி வளர்த்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்த அம்மா ஒரு கோழிக்குள் போவதும் எல்லாம் அவர் பட்டறையிலிருந்துதான். மண்ணுக்குள் போகிறதுதானே என்று மீனில் ஒரு செதிலைக்கூட அவர் குறைத்ததில்லை. அந்தப் பட்டறையில் சவப்பெட்டி என்ற சொல்லை யாரும் வாயில் எடுப்பதில்லை. 'மீன் ஆச்சா?', 'பஸ் எப்ப வரும்?' என்று கேட்பதோடு சரி. யாருக்கு என்ன உருவம் என்பதும் புறப்படும் நாள்வரை பட்டறை ஆட்களுக்குக்கூடத் தெரியாது. வேலை முழுக்கத் திரைக்குப் பின்னால்தான். லொமோட்டே பெரியவருக்கு மைக் என்று பாதி ஊர் பந்தயம் கட்டியிருந்தது. அவர் ஆசையாகச் சேவல் வளர்த்தவர் என்பதால் மீதி ஊர் சேவல் பக்கம்.

அந்தப் பட்டறைக்குப் போய் ஒருவன் கிட்டார் வேண்டும் என்று கேட்டால் என்ன அர்த்தம் என்று டெஷியில் எல்லோருக்கும் தெரியும். ஓப்லிட்டேவுக்கும் தெரியும். நாற்காலி நினைப்பில் மறந்துவிட்டான்.

"அனாங் அண்ணே, எனக்கு ஒரு கிட்டார் வேணும்."

அனாங் உளியைக் கீழே வைத்தார். "உனக்கா?"

"எனக்குத்தான்."

"எப்ப வேணும்?"

"சனிக்கிழமைக்கு முன்னாடி. அதுக்கு மேல தாங்காது."

அனாங் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "வீட்டுல தெரியுமா?"

"இங்க வந்தது தெரியாது. கோர்க்கோய் கேட்டா ஒப்பாரி வச்சிடுவா."

"அதுவும் சரிதான்," என்று எழுந்து, காதில் செருகிய பென்சிலை எடுத்துக்கொண்டு, அளவு நாடாவை அவன் தோளில் வைத்தார். தோளிலிருந்து இடுப்பு. அப்புறம் வயிற்றைச் சுற்றி. "மூச்சை இழுக்காத. இயல்பா நில்லு."

"இதெல்லாமா அளக்கணும்?"

"உன் உடம்புக்குப் பொருந்தலைன்னா அப்புறம் யாருக்குக் கஷ்டம்?"

நல்ல தொழில்காரர் என்று ஓப்லிட்டே மனசுக்குள் மெச்சிக்கொண்டான்.

"நிறம்?"

"சிவப்பு. ஓரத்துல கறுப்பா மாறிக்கிட்டே வரணும்."

சிவப்பும் கறுப்பும் நாங்கள் துக்கத்துக்குக் கட்டுகிற துணியின் நிறம். அதுவும் அவனுக்கு அப்போது தோன்றவில்லை.

"கழுத்து?"

"கழுத்து வேண்டாம், வீட்டுல இருக்கு. பொருத்துற இடம் இவ்வளவு அகலம்." விரல்களை விரித்துக் காட்டினான்.

"உள்ள எவ்வளவு குடையட்டும்?"

"வைக்க வேண்டியது அடங்கினா போதும். காசு எவ்வளவுண்ணே?"

"உன்கிட்ட என்னத்தைக் காசு வாங்குறது? என் ஃபிரிட்ஜுக்கு எத்தனை தடவை உசுரு குடுத்திருக்க," என்றார் அனாங். அவர் குரல் கரகரத்தது. மரத்தூளாக இருக்கும் என்று ஓப்லிட்டே நினைத்துக்கொண்டான்.

எதிரே ஆரஞ்சு விற்கும் அஃபோலேக்குப் பேச்சு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அனாங் ஒரு உயிருள்ள ஆளை நிற்கவைத்து அளவெடுப்பதை அவள் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள். உரித்துக்கொண்டிருந்த ஆரஞ்சை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள்.

அன்று மாலை ஓப்லிட்டேயின் தட்டில் இருந்த மீன் தட்டைவிடப் பெரிதாக இருந்தது. கெங்கேக்குப் பக்கத்தில் ஷிட்டோ மிளகாய் விழுது தாராளமாக இருந்தது. கோர்க்கோய் எதிரில் உட்கார்ந்து முள்ளை எடுத்து எடுத்து வைத்தாள்.

"இன்னொரு மீன் வைக்கவா?"

"என்ன விசேஷம் இன்னிக்கு?"

"ஒண்ணுமில்ல. சாப்பிடு." கொஞ்ச நேரம் கழித்து, "உனக்கு எங்கயாவது வலிக்குதா?" என்றாள்.

"முதுகு வலிக்குது. பழைய கம்ப்ரசர் ஒண்ணைத் தூக்கினேன்."

அவள் அடுப்படிக்குப் போய் மூக்கைச் சிந்தினாள். மிளகாய்க் காரம் என்று நினைத்து அவன் அடுத்த மீனை எடுத்தான்.

மறுநாள் காலையிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ரிப்பேருக்குக் கொடுத்தவர்கள், "ஃபிரிட்ஜ் கிடக்கட்டும் விடு, நீ படு," என்றார்கள். எல்லைச் சண்டையில் பேச்சை நிறுத்தியிருந்த பக்கத்து வீட்டுக்காரர் வந்து அவன் கையைப் பிடித்து, "அந்த ஒரு சாண் இடத்தை நீயே வச்சுக்க," என்று சொல்லி, ஒரு நிமிடம் யோசித்து, "எவ்வளவு நாளைக்குத்தான்," என்றும் சொன்னார். யாரோ பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கொண்டுவந்து முற்றத்தில் போட்டார்கள்.

நாற்காலி வந்ததும் அதில் உட்காரக் குடும்பத் தலைவரான பெரியப்பா அஷிட்டே வந்துவிட்டார். அடக்கம் நடத்துவதில் அவரை மிஞ்ச டெஷியில் ஆள் கிடையாது. ஆள் போவதற்கு முன்பே தகவல் கிடைப்பது அவருக்கும் இதுதான் முதல் தடவை. முகத்தில் துக்கம் இருந்தது. நடையில் ஒரு சுறுசுறுப்பும் இருந்தது.

"டேய் ஓப்லிட்டே, எத்தனை நாள் குடுத்திருக்காங்க?"

"யாரு?"

"டாக்டருங்கதான்."

விஷயம் அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. தலையில் அடித்துக்கொண்டான்.

"பெரியப்பா, அது வாசிக்கிற கிட்டார். சனிக்கிழமை வாசிக்கப்போறேன்."

"வாசிக்கலாம், வாசிக்கலாம். அங்க போனா நேரம் நிறைய இருக்கும்."

"நெசமான கிட்டார் பெரியப்பா."

"அனாங் பட்டறையில இருந்து வந்த பஸ் எதாவது இதுவரைக்கும் ஓடியிருக்கா?"

பெரியப்பா சட்டைப்பையிலிருந்து அவனுடைய கல்யாணப் போட்டோவை எடுத்தார். "இதுல சிரிச்சுக்கிட்டு இருக்க. போஸ்டருக்குச் சரிவராது. வேற இருக்கா?"

நல்லா இருக்கிறேன் என்று சொன்னால், போகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் என்றார்கள். கோபப்பட்டால், பாவம், பயம் அப்படிப் பேசவைக்கிறது என்றார்கள். சிரித்துப் பார்த்தான்; அதற்குத்தான் அதிகம் பேர் அழுதார்கள். கடைசியில், வாயால் சொன்னால்தானே நம்ப மாட்டீர்கள், டாக்டர் எழுதிக் கொடுத்தால் என்ன செய்வீர்கள் என்று வெயிலில் விறுவிறுவென்று ஆஸ்பத்திரிக்கு நடந்தான்.

காலையிலிருந்து இத்தனை பேரோடு மல்லுக்கட்டி, வெயிலில் நடந்து போனவனின் ரத்த அழுத்தம் எப்படி இருக்கும்? டாக்டரம்மா கருவியை இரண்டு தடவை பார்த்தாள். "இந்த வயசுல இவ்வளவு இருக்கக்கூடாது. ஜாக்கிரதையா இருங்க," என்று மாத்திரை எழுதிக் கொடுத்தாள். வெளியே வரும்போது பல்வலிக்கு வரிசையில் உட்கார்ந்திருந்த அஃபோலே அவன் கையிலிருந்த மாத்திரைக் கவரையே பார்த்தாள். அவன் வீடு வந்து சேர்வதற்குள் பெரியப்பா ஷாமியானாவுக்குச் சொல்லியாகிவிட்டது.

மூலத்தையே பிடிப்போம் என்று பட்டறைக்கு ஓடினான். அனாங் இல்லை. கோகோ தோட்டக்காரர் ஒருவருக்குச் செய்த கோகோக் காயை லாரியில் ஏற்றிக்கொண்டு குமாசிக்கும் அப்பால் ஏதோ ஒரு ஊருக்குப் போயிருந்தார், போன் கிடைக்கவில்லை. வேலையாட்கள் இவனைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினார்கள்.

"கவலைப்படாதீங்கண்ணே," என்றான் அவர்களில் மூத்தவன். "கிட்டார் தயார். வீட்டுலயே கொண்டுபோய்க் குடுத்துடுங்கன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு."

"கிட்டார்தானே?"

"கிட்டாரேதான்."

அப்பாடா என்று இருந்தது. கிட்டார் வந்து இறங்கட்டும், எல்லோர் கண் முன்னாலும் வாசித்துக் காட்டி வாயை மூடுவோம் என்று வந்திருந்த அத்தனை பேரையும் உட்காரவைத்தான். அவனே தண்ணீர்ப் பாக்கெட்டும் கொடுத்தான்.

வியாழக்கிழமை அது வந்து இறங்கியது. வேனிலிருந்து இறக்க நான்கு பேர் வேண்டியிருந்தது. கழுத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும் ஓப்லிட்டேயைவிட நீளம். தலை முதல் கால் வரை பால் போல வெள்ளை, ஓரத்தில் மெல்லிய கறுப்புக் கோடு. உடம்பின் மேல்பலகை மூடியாகத் திறந்தது. உள்ளே சாட்டின் துணி தைத்து, தலைமாட்டில் ஒரு சின்னத் தலையணை. முற்றத்தில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். ஓப்லிட்டேதான் உட்கார்ந்துவிட்டான்.

"கழுத்து வேண்டாம்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்," என்றான். "சிவப்புன்னு சொன்னேன்."

பெரியப்பா அஷிட்டே மேல்பலகையைத் தடவினார். "வெள்ளையா? எழுபது தாண்டி நிறைவா போறவங்களுக்குத்தானே வெள்ளை? உனக்கு என்ன வயசு?"

"நாற்பத்தி மூணு."

"பள்ளிக்கூடத்துல சேர்க்கும்போது குறைச்சுப் போட்டுட்டாங்களோ என்னமோ," என்றார் பெரியப்பா.

ஓப்லிட்டே வேலையாட்களின் கையைப் பிடித்தான். "திருப்பி எடுத்துக்கிட்டுப் போங்கடா."

அவர்கள் பின்வாங்கினார்கள். "வாசப்படி தாண்டினது காலியா திரும்பக்கூடாதுண்ணே. பட்டறைக்கு ஆகாது." வேன் புறப்பட்ட வேகத்தில் கோழிகள் சிதறின.

அது உண்மைதான். ஒருவன் பெயர் சொல்லி வீட்டுக்குள் வந்தது சும்மா கிடக்காது, காத்துக்கொண்டிருக்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அதை அறைக்குள் தள்ளி வைத்ததில் டிவி மறைந்தது. பெரியப்பாவும் மற்றவர்களும் மரியாதையாகக் குரலைத் தாழ்த்திக்கொண்டு கிளம்பிப் போனார்கள்.

கோர்க்கோய் அதன் விளிம்பில் உட்கார்ந்து அழுதாள். இத்தனை நாள் அடுப்படியில் ஒளித்து அழுததை இப்போது நேராக அழுதாள். "என்கிட்ட சொல்லியிருக்கக்கூடாதா? அனாங்கிட்ட போய்ச் சொல்லியிருக்க. அஃபோலே சொல்லி நான் தெரிஞ்சுக்கணுமா?"

ஊர் அழுததை வேடிக்கையாகப் பார்த்த ஓப்லிட்டேவுக்கு இவள் அழுகையைத் தாங்க முடியவில்லை. கட்டிலடியிலிருந்து எல்லாவற்றையும் எடுத்துவந்து அவள் முன்னால் பரப்பினான். இது எதற்கு, இது எதில் மாட்டும், பலகை ஏன் வரவில்லை, அனாங்கிடம் என்ன சொன்னான், அவர் என்ன கேட்டார் என்று ஒன்று விடாமல் சொன்னான். நாற்காலியைப் பற்றியும் சொன்னான். அதைச் சொல்லும்போது அவன் குரல் உடைந்தது. கோர்க்கோய் அழுகையை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தாள்.

"நீ சாகலையா?"

"இல்ல."

"டெடே மேல சத்தியமா?"

"சத்தியமா. பிரஷர் மட்டும் கொஞ்சம் இருக்காம்."

தோளில் கிடந்த துண்டை எடுத்து அவனை நாலு சாத்து சாத்தினாள். அப்புறம் சிரித்தாள், மறுபடி அழுதாள். "பெரிய மீனையெல்லாம் உனக்குப் போட்டேனேடா. வித்திருக்கலாம்."

அவளே யோசித்து வழியும் சொன்னாள். "வெட்டிடு இதை."

"என்னது?"

"உருவம் கலைஞ்சுட்டா அது வெறும் மரக்கட்டை. அப்புறம் உனக்காகவும் காத்திருக்காது, யாருக்காகவும் காத்திருக்காது. உனக்குப் பலகையும் ஆச்சு."

ஓப்லிட்டேவுக்கு அந்த நிமிடம் அவளைப்போல அறிவாளி அக்ராவிலேயே இல்லை என்று தோன்றியது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் ரம்பத்தை எடுத்தான். மூடியின் அகலமான பகுதியிலிருந்து இரண்டு துண்டுகள் வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாகப் பசை போட்டு ஒட்டி, மேலே இரண்டு கம்ப்ரசரைத் தூக்கி வைத்தான். நன்றாக உலர்ந்த மரம். அனாங் மற்ற விஷயத்தில் எப்படியோ, மரத்தில் ஏமாற்றவில்லை. பசை பிடித்ததும் வளைவுகளை அறுத்தான். தொப்பை இடிக்கும் இடத்தைச் சரித்துச் சீவினான். கழுத்துக்குப் பள்ளம் வெட்டி, நான்கு திருகால் பூட்டினான். பிரிட்ஜ் ஒரு நூலளவு தள்ளினாலும் சுருதி கெட்டுவிடும் என்பதால், கழுத்தின் மேல்முனையிலிருந்து பன்னிரண்டாவது குறுக்குக் கம்பிவரை நூல் பிடித்து, அதே நீளத்தை மறுபடி கீழே அளந்து குறித்துவிட்டுத்தான் திருகை முறுக்கினான். முகப்பில் அந்த வெள்ளை அப்படியே இருந்தது. சிவப்படிக்க நேரமில்லை.

மிச்சத்தை வீட்டில் வைத்திருக்கக் கோர்க்கோய் சம்மதிக்கவில்லை. நீளக் கழுத்தையும் பக்கப்பலகைகளையும் அடியையும் அவளே கோடாலியால் பிளந்து கெங்கே அடுப்பில் வைத்தாள். காய்ந்த மரமாதலால் நின்று எரிந்தது. சாட்டின் துணியை டெடேக்குப் பாவாடையாக வெட்டிவிட்டாள். தலையணை ஓப்லிட்டேயின் முதுகுவலிக்கு.

பிக்கப்பின் ஒயருக்கு ஈயம் வைக்கப்போகும் நேரத்தில் கரண்ட் போய்விட்டது. அவன் கலங்கவில்லை. பற்றவைக்கும் கம்பியை அதே கெங்கே அடுப்பில் காய்ச்சிக் காய்ச்சி, புகையில் கண் எரிய, ஒவ்வொரு முனையாக ஒட்டினான். கரண்ட் வந்ததும் பழைய கேசட் பிளேயரில் செருகினான். காதைத் துளைக்கிற இரைச்சல் வந்தது. பிரிட்ஜுக்குப் போகிற ஒரு ஒயரை விட்டிருக்கிறான் என்று கண்டுபிடித்து அதையும் ஒட்டினான். இரைச்சல் நின்றது. ஒரு தந்தியைத் தட்டினான்.

அந்தச் சத்தம் அறையில் நின்றது. வெகுநேரம் நின்றது. இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேருடைய கிட்டாரை அவன் தொட்டிருக்கிறான். இது யாரும் வந்து திருப்பிக் கேட்காத கிட்டார். அவனுக்குக் கண் கலங்கியது. கோர்க்கோய் மாவுக் கையோடு வந்து கதவில் சாய்ந்து, "இன்னொரு தடவை தட்டு," என்றாள்.

சனிக்கிழமை லொமோட்டே பெரியவரின் வீட்டுத் தெரு முழுக்கக் கறுப்பு வெள்ளைத் துணிதான். பித்தளைக் கட்டிலில் சரிகைத் துணி உடுத்தி, தொப்பி வைத்து, பாடுவதற்குமுன் தொண்டையைச் செருமப்போகிறவர் மாதிரி பெரியவர் படுத்திருந்தார். சேவல் கட்சிக்காரர்களும் மைக் கட்சிக்காரர்களும் ஆளுக்கொரு பக்கமாக நின்று, பெட்டி எப்போது வரும் என்று தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நுங்குவாக்காரன் முதலில் வாசித்தான். கடையில் வாங்கிய பளபளப்பான கிட்டார், விரலும் வேகம்தான். கூட்டம் தலையாட்டியது. அடுத்து ஓப்லிட்டே எழுந்தான். செத்துப்போகிறவன் வந்து வாசிக்கிறானே என்று கூட்டத்தில் ஒரு சலசலப்பு. பெரியப்பா அஷிட்டே எட்டிப் பார்த்து, "அட, நெசமாவே வாசிக்கிறதுதானா," என்று பக்கத்தில் இருந்தவரிடம் கொஞ்சம் ஏமாற்றமாகவே சொன்னார்.

பெரியவர் ஒவ்வொரு கச்சேரியையும் முடிக்கிற பாட்டை எடுத்தான். முதல் சுற்றில் யாரும் அசையவில்லை. இரண்டாவது சுற்றில் கிழவிகள் வெள்ளைக் கைக்குட்டையை எடுத்தார்கள். மூன்றாவதில் தெருவே ஆடியது, ஆடியபடியே அழுதது. மேளக்காரர் பாட்டை நிறுத்த விடாமல் இன்னொரு சுற்று இழுத்தார். யாரும் தண்ணீர் குடித்துவிட்டு வந்து அவன் தோளைத் தட்டவில்லை.

பாட்டு முடிந்ததும் ஒகோய் வந்து கட்டிப்பிடித்துக்கொண்டான். "எங்க அப்பா எழுந்து உட்கார்ந்துடுவாரோன்னு இருந்தது. எங்கண்ணே வாங்கின இதை? இப்படி ஒரு சத்தம் நான் கேட்டதே இல்ல."

"வீட்டுலயே செஞ்சது. மரம் நல்ல மரம்."

"நாற்காலி உனக்குத்தான். உக்காரு." ஒகோயே நாற்காலியை இழுத்துப் போட்டான். நுங்குவாக்காரன் வந்து கை குலுக்கினான். ஓப்லிட்டே உட்கார்ந்தான். கூட்டத்தில் கோர்க்கோயைத் தேடினான்; அவள் தலையில் கெங்கே கூடையோடு, பல் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றாள்.

"அனாங் வந்தா அப்பாவைக் கிளப்பிடலாம்," என்று ஒகோய் தெருமுனையைப் பார்த்தான். "காலையிலயே கொண்டாந்துடுறேன்னாரு."

அதற்குள் ஷாமியானா ஓரமாக ஆட்களை விலக்கிக்கொண்டு அனாங்கே வந்தார். வெளியூரிலிருந்து வந்து, பட்டறையில் காலை வைத்துவிட்டு ஓடிவந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. கக்கத்தில் சாக்குத்துணியில் சுற்றிய ஒரு பொட்டலம். ஓப்லிட்டேயின் நாற்காலிக்குப் பக்கத்தில் குந்தி, சாக்கை விலக்கினார். உள்ளே சின்னதாக ஒரு கிட்டார்ப் பலகை. நடுவில் சிவப்பு, ஓரத்தில் கறுப்பு, தொப்பைக்குச் சரியாக ஒரு சரிவு.

"மன்னிச்சுக்க தம்பி," என்றார் அனாங், ஒகோய்க்குக் கேட்காமல். "இது ஆணியில தொங்கிக்கிட்டு இருக்கு, இதைக் குடுங்கடான்னு சொல்லிட்டுப் போனா, ஊர்ப்பேச்சைக் கேட்டுட்டு நம்ம ஆளுங்க திரைக்குப் பின்னாடி இருந்த பெரியவரோடதைத் தூக்கி உன் வீட்டுல இறக்கிட்டானுங்க. காலம் பூரா பாடினாலும் அவருக்கு ஆசை என்னவோ கிட்டார் மேலதான். வேன் வெளிய நிக்குது, வீட்டுச் சாவியைக் குடு. கீறல் ஒண்ணும் படலையே?"